கேள்வி கேட்காத ஒர்க்ஃப்ளோ

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பையை மட்டும் மேல தள்ளி வெச்சுக்கறேன். மதுரை வரைக்கும்தானே? நானும் மதுரைதான். முன் சீட்டுல நீலச் சேலை கட்டி, மடியில கொழந்தையப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே, அது என் பொண்ணு சுகந்தி. பக்கத்துல இருக்கறது மாப்பிள்ளை முரளி. கொழந்தை என் பேரன், நிகில்னு பேரு. கரூர்ல ஏறினதுலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல சார் அந்தப் பொண்ணு. அதான் எந்திரிச்சு இங்க வந்துட்டேன். பேசாத ஆளு பக்கத்துல உக்காந்து எத்தனை நேரம்தான் ரோட்டையே பாத்துக்கிட்டு வர்றது.

எதுக்குப் போறோம்னு கேளுங்க. மதுரையில ஒரு லேப்ல டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கப் போறோம். மறுபடியும். புருஷன், பொண்டாட்டி, கொழந்தை, மூணு பேரும் மறுபடியும் கையை நீட்டணும். பெரியவங்க நீட்டிருவாங்க. அந்தக் கொழந்தைக்கு நரம்பு தேடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. போன தடவை கையில கெடைக்காம கால்ல குத்தினாங்க. சுகந்தி என்னையத்தான் மொறைக்கறா. நானா குத்தினேன்?

நான் யாரையும் குறை சொல்ற ஆளு இல்ல சார். ஆனா அந்த லேப்ல இருக்கற காசிராஜன்னு ஒருத்தன், ரத்தம் எடுக்கறவன், அவனுக்கு ட்யூப்ல பேர் ஒட்டத் தெரியல. அப்பன் ட்யூபை ஆத்தாளுக்கு ஒட்டறான், ஆத்தா ட்யூபை வேற யாருக்கோ ஒட்டறான். கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு நிறுத்திருது. "மாதிரிகள் மாறியுள்ளன, மீண்டும் எடுக்கவும்." அந்த வாசகத்தை எழுதினதே நான்தான். தமிழ்லயே வரட்டும், எல்லாருக்கும் புரியட்டும்னு எழுதி வெச்சேன். இன்னைக்கு அது என் பேரனுக்கே வருது.

ஆமா சார், அந்த லேப்ல நான்தான் இருந்தேன். ஆஸ்பத்திரி பேரு எதுக்கு, விடுங்க. கம்ப்யூட்டர் செக்‌ஷன். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். டாக்டர் இல்ல, பயாலஜியும் படிக்கல. அதுக்கு முன்னாடி ஒரு மில்லுல சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் பாத்துக்கிட்டு இருந்தவன். ஜீன் டெஸ்ட்டுனு சொல்றாங்கல்ல, அந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அங்க என் கையிலதான் இருந்துச்சு. ரத்தத்தை மிஷின்ல போட்டா அது எழுத்தாக் கக்கும் சார். கோடிக்கணக்குல, துண்டு துண்டா. அதைச் சலிக்க ஒரு புரோகிராம். எந்தத் துண்டு எந்த எடத்துலேருந்து வந்ததுன்னு பொருத்த ஒண்ணு. எங்க எழுத்து மாறியிருக்குன்னு பாக்க ஒண்ணு. மாறினதுல எது வியாதி, எது சும்மான்னு பிரிக்க இன்னொண்ணு. நான் போன புதுசுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. ஒரே ரத்தத்துக்கு ரெண்டு பேரு ரெண்டு பதில் சொன்னாங்கன்னா நம்புவீங்களா? ஒரு அம்மாவுக்குக் காலையில வியாதி இருக்குன்னாங்க, சாயங்காலம் வேற ஆளு ஓட்டிப் பாத்துட்டு இல்லைன்னுட்டாங்க.

அதுக்குத்தான் ஒர்க்ஃப்ளோ. வெளிநாட்டுல ஒரு யுனிவர்சிட்டிக்காரங்க எழுதி எல்லாருக்கும் இலவசமா குடுத்திருந்தாங்க. அதை எடுத்து, எல்லாத்தையும் வரிசையா கோத்து, நம்ம மிஷினுக்குத் தகுந்த மாதிரி ஆக்கினேன். ஒரு தடவை எழுதிட்டா யாரு ஓட்டினாலும் ஒரே பதில். இன்னைக்கு ஓட்டினாலும் அடுத்த வருஷம் ஓட்டினாலும் அதே பதில். கோயம்புத்தூர்ல ஒரு லேப் கேட்டாங்க, குடுத்தேன். சேலத்துல கேட்டாங்க, குடுத்தேன். ஒரு ரூபா வாங்கல. எடுத்துட்டுப் போய் அப்படியே ஓட்டிக்கோங்க, உள்ள மட்டும் கை வைக்காதீங்கன்னேன்.

அங்கெல்லாமும் இதே கூத்துதான் சார்! கோயம்புத்தூர்லயும் மாதிரி மாறிடுச்சுன்னு வருது, சேலத்துலயும் வருது. இதே ஒர்க்ஃப்ளோதான் அந்த வெளிநாட்டுலயும் ஓடுது. அங்க இந்த வாசகம் வர்றதே அபூர்வம்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஏன்னு நெனைக்கறீங்க? ஒழுங்கு சார். அங்க இருக்கறவன் ட்யூப்ல பேரை ஒட்டினா ஒட்டினதுதான். நம்ம ஊர்ல எங்க போனாலும் காசிராஜன்தான். இதை நான் மீட்டிங்லயே சொன்னேன்.

சின்னப் பொண்ணு ஒருத்தி இருக்கா, மெர்லின்னு. எனக்கு அப்புறம் என் சீட்டுல உக்காந்தவ. அவ மட்டும் எந்திரிச்சா. "சார், ட்யூப் மாறல சார்"னா. பின்ன என்னம்மான்னேன். "சார், அந்த வெளிநாட்டு ஒர்க்ஃப்ளோவுல ஒரு கேள்வி இருந்துச்சுல்ல, தாயும் தகப்பனும் கல்யாணத்துக்கு முன்னாடியே சொந்தமா, என்ன முறைன்னு. நீங்க அதை எடுத்துட்டு 'சொந்தம் இல்லை'ன்னு நெலையா வெச்சுட்டீங்க. நம்ம பக்கம் மாமனைக் கட்டறாங்க, அத்தை மகனைக் கட்டறாங்க. அவங்களுக்குள்ள எழுத்து ஒத்துத்தான் சார் போகும். சொந்தமே இல்லாத ரெண்டு பேருக்கு எப்படி இவ்வளவு ஒத்துப்போகுதுன்னு அது பயந்துக்கிட்டு ட்யூப் மாறிடுச்சுங்குது. அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுருவோம் சார்." அத்தனை பேர் மத்தியில சொல்றா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. நான் ஏன் அந்தக் கேள்வியை எடுத்தேன்னு அவளுக்குத் தெரியுமா? முதல் காரணம், யாரும் அதை நெரப்பறதில்ல. நெரப்பாட்டி வேலை நின்னு போகும். ஓட்டறவன் எனக்குப் போன் பண்ணுவான். எல்லாரும் ஓட்டணும்னா கேள்வி இருக்கக் கூடாது சார். கேள்வின்னு ஒண்ணு இருந்தா அங்க ஒரு தப்புக்கு எடம் இருக்கு. இது என் கொள்கை. மில்லுல சம்பளக் கணக்கு எழுதின காலத்துலேருந்து இதுதான் என் கொள்கை.

ரெண்டாவது காரணம் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட சொன்னா என்ன, மதுரையில எறங்கினா நீங்க யாரோ நான் யாரோ. என் சம்சாரம் பத்மா இருக்காளே, அவ எனக்கு அக்கா மக. கூடப் பொறந்த அக்கா மக. எங்க பக்கம் அப்படித்தான், அக்கா பொண்ணு இருக்கும்போது வெளியில தேடினா அக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியாது. எங்களுக்கு மொதல்ல ஒரு பையன் பொறந்து தங்கல. அப்போ பெரிய ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா, சுத்தி மாணவப் பிள்ளைங்களை நிக்க வெச்சுக்கிட்டு, பத்மாகிட்ட கேட்டாங்க, "சொந்தத்துல கட்டினியா?" இவ தலையை ஆட்டினா. "என்ன முறை?" மாமான்னா. அந்தம்மா பிள்ளைங்க பக்கம் திரும்பி, "பாத்துக்கோங்க"ன்னாங்க. அவ்வளவுதான் சார் சொன்னது. பெத்துப் பறிகொடுத்தவளைக் காட்டி, பாத்துக்கோங்கன்னு. பத்மா அன்னைக்குச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவதான், வீட்டுக்கு வர்ற வரைக்கும் மூஞ்சியைக் காட்டல.

அந்தக் கேள்வியை நான் கேப்பேனா? என் ஒர்க்ஃப்ளோ கேக்குமா? நம்பி வர்ற ஜனங்களை வாசல்லயே நிறுத்தி, நீ யாரைக் கட்டினன்னு கேக்கணுமா? எடுத்துட்டேன். எடுத்து அந்த எடத்தை மூடிட்டேன். மெர்லின் சொல்றா கேள்வி தப்பில்ல சார், கேட்ட விதம்தான் தப்புன்னு. எனக்குப் பாடம் நடத்தறா. நான் சும்மா விடுவேனா, டைரக்டருக்கு எழுதினேன். ஒருத்தர் ஒண்ணை மாத்த ஆரம்பிச்சா அடுத்தவர் இன்னொண்ணை மாத்துவாங்க, பழையபடி ஒரே ரத்தத்துக்கு ரெண்டு பதில் வரும்னு எழுதினேன். அவர் என்னை மதிக்கற மனுஷன். சந்தானம் சார், அதான் நான், என் சம்மதம் இல்லாம அந்த ஒர்க்ஃப்ளோவுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவே போட்டுட்டார். ரிட்டயர் ஆன பிறகும் என் பேர்லதான் பூட்டு. அந்த மரியாதை எத்தனை பேருக்குக் கெடைக்கும்?

டீ வருது. வேணுமா சார்? வேணாமா. எனக்கும் வேணாம்.

பேரன் விஷயத்துக்கு வர்றேன். பொறந்து கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தான். அப்புறம் வலிப்பு. கழுத்து நிக்கல. முடி கொட்டுது, உடம்பெல்லாம் சிவப்பு சிவப்பாத் தடிக்குது. இந்த வயசுப் பசங்க ஓடுதுங்க, இவன் உக்காரவே தடுமாறறான். டாக்டர் சொல்லிட்டாரு, இது ஏதோ பிறவிக் கோளாறு, எதுன்னு தெரிஞ்சாத்தான் மருந்து, தள்ளிப் போகப் போகக் காதும் கண்ணும் போயிரும்னு. ஜீன் பாத்துருவோம்னாரு. நானே சொன்னேன், எங்க லேப்லயே பாக்கலாம், என் ஒர்க்ஃப்ளோதான்னு. எவ்வளவு நம்பிக்கையோட கூட்டிக்கிட்டுப் போனேன் தெரியுமா? வந்தது என்ன? மாதிரிகள் மாறியுள்ளன. திரும்ப எடுத்தாங்க. திரும்பவும் மாறியுள்ளன. சண்டை போட்டு, காசிராஜன் வேணாம், நர்ஸம்மாவே எடுக்கட்டும், நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்னு நின்னேன். அவங்க எடுத்தாங்க, நான் கண்ணால பாத்தேன், பேரை நானே படிச்சுப் பாத்து ஒட்டச் சொன்னேன். அதுவும் மாறிடுச்சு. உள்ள கொண்டு போய் மாத்திட்டானுங்க. வேற என்ன இருக்க முடியும்?

அதுல ஒரு டாக்டர் சுகந்திகிட்ட கேட்டாரு, வீட்டுக்காரர் சொந்தமான்னு. அவ வாயைத் தெறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன், தூரத்துச் சொந்தம் டாக்டர்னு. எதுக்கு வம்பு. என் பொண்ணைக் காட்டி இன்னொருத்தர் பாத்துக்கோங்கன்னு சொல்ல நான் விடுவேனா?

முரளியா? முரளி பத்மாவோட தம்பி சார். எனக்கு அக்கா மகன். சுகந்திக்கு அந்தப் பக்கம் பாத்தா தாய்மாமன், இந்தப் பக்கம் பாத்தா அத்தை மகன். ரெண்டு வழியிலயும் உரிமை உள்ளவன். தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. எங்க அக்கா சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். நான்தான் முன்ன நின்னு முடிச்சு வெச்சேன். கரூர்ல அந்த மாதிரி ஒரு கல்யாணம் நடக்கலைன்னு இன்னைக்கும் பேசிக்கறாங்க. வெளி ரத்தம் ஒரு சொட்டு உள்ள வரல சார் எங்க வீட்டுல.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? நீங்களும் அந்த மெர்லின் மாதிரியே பாக்கறீங்களே. அவ போன வாரம் போன் பண்ணினா. "சார், நிகிலோட ஃபைலைப் பாத்தேன். கோவிச்சுக்காதீங்க. உங்க மாப்பிள்ளை உங்களுக்கு என்ன உறவு சார்?"னா. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்துச்சோ. என் வீட்டுக்குள்ளயே வந்து கேக்கறா பாருங்க அந்தக் கேள்வியை! "சார், ஒரே ஒரு சரி சொல்லுங்க, நான் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டு ஓட்டிடறேன், புதுசா ரத்தமே வேணாம்"னு கெஞ்சறா. ஒருத்தருக்காக ஒர்க்ஃப்ளோவை மாத்த ஆரம்பிச்சா அப்புறம் அது ஒர்க்ஃப்ளோவா? என் பேரன்னா மட்டும் ஒரு சட்டமா? எனக்கு நேர்மை முக்கியம் சார். போனை வெச்சுட்டேன். திரும்பத் திரும்ப அடிச்சா, எடுக்கல.

அதுலேருந்துதான் சுகந்தி பேசறதில்ல. மெர்லின் அவகிட்ட ஏதோ சொல்லியிருக்கணும். நேத்து ரெண்டு பேரும் போன்ல ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் உள்ள போனதும் சுகந்தி வெச்சுட்டா. நானும் கேக்கல. எனக்கு என்ன வந்துச்சு?

திண்டுக்கல் வந்துடுச்சு பாருங்க. இங்க கொஞ்சம் நேரம் நிப்பான்.

ஒரு நிமிஷம் சார். சுகந்திக்கு ஏதோ போன். அழறாளா அவ? முரளி எதுக்குப் பையை எறக்கறான்? இருங்க, நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். என் சீட்டைப் பாத்துக்கோங்க.

எறங்கிட்டாங்க சார். நீங்களும் பாத்தீங்கல்ல. இங்கேருந்தே கரூர் பஸ் ஏறிப் போறாங்களாம். ஊசி வேணாமாம். மெர்லின் தன்னோட கம்ப்யூட்டர்ல என் ஒர்க்ஃப்ளோவைக் காப்பி போட்டு, அதுல அந்தக் கேள்வியைத் திருப்பி வெச்சு, சுகந்தி சொன்ன பதிலை எழுதி, பழைய ரத்தத்தையே ஓட்டியிருக்கா. ஓடிருச்சாம். பேரன் உடம்புல ஏதோ ஒரு வைட்டமின் தங்க மாட்டேங்குதாம். அதை மாத்திரையா தினம் குடுத்துக்கிட்டே இருந்தா வலிப்பு நிக்குமாம், உடம்பு தேறுமாம். டாக்டர் பாத்துட்டு சீட்டு எழுதி போன்லயே அனுப்பிட்டாரு, கரூர்லயே இன்னைக்கே ஆரம்பிச்சுடுங்கன்னு. சந்தோஷம்தான் சார். எனக்குச் சந்தோஷம் இல்லாம இருக்குமா? நான் கும்பிடாத சாமி இல்ல.

ஆனா எனக்கு ஒரு வார்த்தை சொன்னாங்களா? என் ஒர்க்ஃப்ளோ. என் பேர்ல பூட்டு. காப்பி எடுத்து ஓட்டினா அதுக்கு என்ன பேரு? நாளைக்கு ஒவ்வொருத்தரும் காப்பி எடுத்து இஷ்டத்துக்கு ஓட்ட மாட்டாங்களா? நான் மதுரைக்குப் போய் டைரக்டரைப் பாக்கத்தான் போறேன். நான் யாரையும் குறை சொல்ற ஆளு இல்ல, ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு.

சுகந்தி படியில நின்னுக்கிட்டு சொன்னதைக் கேட்டீங்களா? "மெர்லின் அக்கா ஒரே ஒரு கேள்விதான்ப்பா கேட்டாங்க. எங்க மாமான்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் நெனைச்சுக்கல, எழுதிக்கிட்டாங்க. உங்களை யாரும் கேட்டிருக்கவே வேணாம்ப்பா. உங்களுக்குத்தான் தெரியுமே." இதை ஒரு பொண்ணு அப்பன்கிட்ட பஸ் ஸ்டாண்டுல நின்னு சொல்லலாமா? முரளியாவது, மாமா நீங்களும் வாங்கன்னு கையைப் பிடிச்சான். எனக்கு மதுரைக்கு டிக்கெட் இருக்குன்னுட்டேன். அவன் என்னமோ டாக்டர் சொன்னதைச் சொல்ல ஆரம்பிச்சான், மொதல் ரத்தத்துலயே தெரிஞ்சிருந்தா போனதையும் காப்பாத்தியிருக்கலாமாம், இனிமே இருக்கறதைத்தான் காப்பாத்த முடியுமாம்னு. எது போச்சுன்னு நான் கேக்கல. சுகந்தி அவனை இழுத்துக்கிட்டுப் போயிட்டா.

கொழந்தை அவ தோள்ல சாஞ்சு இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் போனான். நிகில்னு கூப்பிட்டேன் சார். திரும்பல. படியில தொங்கிக்கிட்டு இன்னும் சத்தமா கூப்பிட்டேன், பக்கத்துல நின்ன ஆளெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவன் திரும்பல.

இந்த பஸ் ஸ்டாண்டுல என்ன சத்தம் பாருங்க சார். ஒருத்தன் ஹாரனை அமுக்கிக்கிட்டே நிக்கறான். இதுல யாருக்குத்தான் கேக்கும், சொல்லுங்க. யாருக்குமே கேக்காது சார்.